ஓய்ந்துபோன ஆசிரியர்: காரைக்குடி வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், அந்தப் பக்கம் புதுக்கோட்டை மாவட்டத்துச் செட்டிநாட்டு ஊர்கள் என்று பல பள்ளிகளின் ஆசிரியர்கள் பணிச்சோர்வைப் பற்றி என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. சிலர் நேராகக் கேட்டார்கள். பலர், பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டம் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, வேறு யாருக்கோ கேட்பதுபோலக் கேட்டார்கள். நான் மருத்துவர் இல்லை. வகுப்பறையிலும் பிறகு தலைமையாசிரியர் நாற்காலியிலும் இருந்து ஓய்வு பெற்றவள். மருத்துவரிடம் போக வேண்டிய கட்டம் எது என்பதை அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறேன்.

இது வெறும் களைப்பா, பணிச்சோர்வா? எப்படித் தெரிந்துகொள்வது?

களைப்பு தூங்கி எழுந்தால் போய்விடும். விடைத்தாள் திருத்தும் முகாமில் கழுத்து வலிக்க உட்கார்ந்து எழுந்தவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். பணிச்சோர்வு அப்படித் தீராது.

1974இல் நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவ மையத்தில் பணியாற்றிய ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் இதைப் பற்றி எழுதினார். சேவை மனத்தோடு வந்து மற்றவர்களைவிடக் கூடுதலாக உழைத்தவர்களே உள்ளுக்குள் தீர்ந்துபோவதை அவர் கவனித்திருந்தார். பிறகு கிறிஸ்டினா மாஸ்லாக் என்பவர் இதை அளக்க ஒரு வினாப்பட்டியலைச் சக ஆய்வாளருடன் சேர்ந்து உருவாக்கினார். அவர் சொன்ன மூன்று கூறுகள்தான் இன்றும் அடிப்படை: உடலும் மனமும் வற்றிப்போவது, செய்யும் வேலையிலிருந்தும் அந்த மனிதர்களிடமிருந்தும் மனம் விலகிக் கசந்துபோவது, என்ன செய்தும் பயனில்லை என்று தோன்றுவது.

ஆசிரியரிடம் இவை எப்படித் தெரியும்? ஞாயிறு மாலை நான்கு மணிக்கே வயிறு பிசையும். ஒரே விடையை மூன்று முறை படித்தும் மதிப்பெண் போட வராது. நன்றாகப் படித்த பிள்ளை திடீரென்று வராமல் நின்றுவிட்டால், முன்பெல்லாம் வீடு தேடிப் போனவர், இப்போது பதிவேட்டில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிடுவார். மூன்றில் இந்த விலகலைத்தான் நான் முதலில் கவனிப்பேன். களைத்தவருக்குப் பிள்ளைகள்மேல் அக்கறை இருக்கும். அதற்குத் தெம்புதான் இருக்காது. சோர்ந்துபோனவருக்கு அக்கறையே வற்றியிருக்கும். அது போய்விட்டதே என்ற வருத்தம் மட்டும் எங்கோ அடியில் கிடக்கும்.

இது நோயா? இதைக் காட்டி விடுப்பு எடுக்க முடியுமா?

உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று 2022 முதல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் பணிச்சோர்வு இடம்பெற்றிருக்கிறது. ஆனால் நோயாக அல்ல. பணியிடத்தில் நீண்ட காலம் கவனிக்கப்படாத அழுத்தத்தால் வரும் நிலையாக. ‘உனக்கு என்ன கோளாறு’ என்று ஆசிரியரைக் கேட்பதற்கு முன் ‘உன் வேலையில் என்ன கோளாறு’ என்று கேட்க வேண்டும் என்பது இதிலேயே அடங்கிவிடுகிறது.

விடுப்பு விஷயத்தில் இது கொஞ்சம் சங்கடம். பணிச்சோர்வு என்று மட்டும் எழுதிய சான்றைக் கொண்டு அலுவலகத்தில் காரியம் நடப்பது கடினம். ஆனால் அதோடு தூக்கமின்மை, பதற்றம், மனச்சோர்வு நோய், ரத்த அழுத்தம் என்று ஏதாவது சேர்ந்திருந்தால் மருத்துவர் அதைச் சான்றில் எழுதுவார். அரசு ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு உண்டு. மருத்துவச் சான்றின் பேரில் ஈட்டா விடுப்பு பணிக்காலத்தைப் பொறுத்து உண்டு. உரிமையான விடுப்பை எடுக்கக் கூச்சப்படுகிறவர்கள் நம் பக்கத்தில் அதிகம். விடுப்பே எடுக்காத ஆசிரியருக்கு ஆண்டு விழாவில் பொன்னாடை போர்த்தும் வழக்கத்தை நிறுத்தினாலே பாதிப் பேர் பிழைப்பார்கள் என்பது என் கருத்து.

மே மாதம் முழுக்க நன்றாக இருக்கிறேன். ஜூனில் பள்ளி திறந்த பத்தாம் நாள் பழையபடி ஆகிவிடுகிறது. ஏன்?

விடுமுறையின் பலன் வேலைக்குத் திரும்பிய சில வாரங்களில் கரைந்துவிடும் என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. திரும்பி வரும் இடம் மாறாமல் இருந்தால் வேறெப்படி இருக்கும்?

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. பர்மாவிலும் மலாயாவிலும் லேவாதேவி நடந்த காலத்தில், நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் தம் ஏஜெண்டுகளை மூன்றாண்டுக் கணக்குக்கு அனுப்புவார்கள். தவணை முடிந்ததும் அடுத்த ஏஜெண்டு கப்பலேறிப் போவார். பேரேட்டையும் பெட்டியையும் சாவியையும் அவர் வாங்கிக்கொள்வார். பழைய ஏஜெண்டு ஊருக்கு வந்து வீட்டோடு இருந்துவிட்டுத்தான் மறு தவணையை யோசிப்பார். பணத்தில் கறாரான அந்த மனிதர்கள் இரக்கப்பட்டு இந்த ஏற்பாட்டைச் செய்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஓய்ந்துபோன ஏஜெண்டு போடும் கணக்கு தப்பாகும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது சாவி கைமாறியதைத்தான். ஊருக்கு வந்த ஏஜெண்டின் இடுப்பில் ரங்கூன் கடைச் சாவி தொங்கவில்லை. நம் ஆசிரியர் மே மாதம் வீட்டில் இருக்கிறார். சேர்க்கைக்கு வீடு வீடாகப் போகிறார். மாற்றுச் சான்றிதழுக்கு வரும் போனை எடுக்கிறார். பள்ளி, மாணவர் விவரங்களைப் பதியும் துறையின் எமிஸ் இணையதளத்தில் விட்டுப்போன விவரத்தை ஏற்றுகிறார். பொறுப்பை யாரிடமும் ஒப்படைக்காத விடுப்பு பெயரளவுக்குத்தான் விடுப்பு. ஆகவே மீள்வதற்கான முதல் வேலை நாள்களை எண்ணுவதல்ல; எந்தெந்தப் பொறுப்பை, யாரிடம், எதுவரை கொடுக்கிறோம் என்று எழுதிக்கொள்வது.

எதைக் கொடுப்பது, எதைக் குறைப்பது? எல்லாமே மேலிடத்து உத்தரவாயிற்றே!

எல்லாமே இல்லை. ஒரு வாரத்துக்கு நீங்கள் செய்வதையெல்லாம் நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். அழகு பார்க்காமல் கிறுக்கினால் போதும். வார முடிவில் மூன்றாகப் பிரியுங்கள்: பாடம் நடத்துவதும் அதற்கான தயாரிப்பும் ஒன்று; பதிவேடு, இணையதளம், அறிக்கை வேலை இரண்டாவது; இவை இரண்டிலும் சேராத பள்ளி வேலை மூன்றாவது. பலருக்கு இரண்டாவது பங்கின் அளவு அதிர்ச்சி தரும்.

பிறகு ஒவ்வொன்றுக்கும் எதிரே, இதை யார் கேட்டார்கள் என்று எழுதுங்கள். துறை கேட்டது சில. தலைமையாசிரியர் கேட்டது சில. யாருமே கேட்காமல், பல ஆண்டு வழக்கத்தால் நாமே செய்துகொண்டிருப்பது கணிசமாக இருக்கும். எல்லாக் கட்டுரை நோட்டிலும் எல்லா வரியையும் சிவப்பு மையால் திருத்துவது அதில் ஒன்று. நாற்பது நோட்டில் பத்தை நுணுக்கமாகத் திருத்தி, பொதுவான பிழைகளைக் கரும்பலகையில் எழுதி, மீதியைப் பிள்ளைகளே பக்கத்துப் பிள்ளையோடு மாற்றித் திருத்தினால் அவர்கள் கற்பது குறையாது. அடுத்த வாரம் வேறு பத்து நோட்டு. பாடக்குறிப்பை ஆண்டுதோறும் புதிதாகக் கையால் எழுதுவதும் இதே வகைதான். பழையதில் திருத்தம் செய்தால் போதுமா என்று கேட்டுப் பாருங்கள்.

துறை கேட்பதைத் தவிர்க்க முடியாது, ஆனால் பகிரலாம். எமிஸ் பதிவு, காலை உணவுப் பதிவு, உதவித்தொகைப் பட்டியல் எல்லாம் கணினி தெரிந்த இளைய ஆசிரியை ஒருவர் தலையிலேயே விழுந்துவிடுகிறது. திறமைக்குக் கிடைக்கும் தண்டனை இது. பருவத்துக்கு ஒருவர் என்று சுற்றில் விடச் சொல்லுங்கள். தெரியாதவர்களுக்குக் கற்றுக்கொடுக்க ஒரு பிற்பகல் ஆகும். அந்தப் பிற்பகலை எப்படியாவது ஒதுக்குங்கள்.

சட்டமும் கொஞ்சம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 27ஆம் பிரிவில், பத்தாண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் பணி ஆகிய மூன்றையும் தவிர வேறு கல்வி சாரா வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. அதே சட்டத்தின் அட்டவணை ஆசிரியரின் வேலை நேரம் வாரத்துக்குக் குறைந்தது 45 மணி என்று சொல்லும்போது, பாடத் தயாரிப்பையும் அதற்குள்ளேயே சேர்க்கிறது. வீட்டில் இரவு பத்து மணிக்குத் தயாரிக்கும் பாடம் உங்கள் பொழுதுபோக்கு அல்ல. அதுவும் வேலை நேரம்தான்.

புதிய வேலை வரும்போது முடியாது என்று சொல்ல நம்மில் பலருக்கு வாய் வராது. வேண்டாம். இப்படிக் கேளுங்கள்: “சார், இதைச் செய்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் வேண்டுமென்றால் வினாத்தாள் தயாரிப்பை அடுத்த வாரத்துக்குத் தள்ளலாமா? இல்லையென்றால் அதை வேறு யாரிடமாவது கொடுத்துவிடலாமா?” மரியாதைக் குறைவு எதுவும் இல்லை, எது முக்கியம் என்று முடிவெடுக்கும் வேலை மட்டும் அவரிடம் திரும்பிப் போய்விடுகிறது. பல தலைமையாசிரியர்களுக்கு, ஒருவர் தலையில் எத்தனை வேலை குவிந்திருக்கிறது என்பது அப்போதுதான் கண்ணில் படும்.

இரவு பதினொரு மணிக்கும் வாட்ஸ்அப் குழுவில் உத்தரவு வருகிறதே?

குழுவின் ஒலியை நிறுத்திவையுங்கள். மாலை ஏழு மணிக்கு ஒரு முறை, காலையில் ஒரு முறை பாருங்கள். உண்மையான அவசரம் என்றால் போன் செய்வார்கள். ‘சரி சார்’ என்று முதலில் பதில் போடும் போட்டியில் தோற்றுப் பழகுங்கள், ஒன்றும் ஆகாது.

எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. நான் விடுப்பு எடுத்தால் ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில். எப்படி எடுப்பது?

நம் வட்டாரத்தில் இது பெரிய விஷயம். ஊரே காரைக்குடிக்கும் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டது. பெரிய பெரிய வீடுகள் பூட்டிக்கிடக்கின்றன. தொடக்கப் பள்ளியில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குப் பிள்ளைகள். இருபது பிள்ளைகளுக்கு இரண்டு ஆசிரியரா என்று வெளியிலிருந்து பார்ப்பவர் பொறாமைப்படுவார். ஐந்து வகுப்புப் பாடத்தையும் ஒரே அறையில் நடத்தி, சமையலறையையும் கழிப்பறையையும் பார்த்து, வட்டார வள மையத்துக்கு விவரம் அனுப்பி, அடிபட்ட பிள்ளையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வண்டியில் கொண்டுபோவதும் அந்த இருவர்தான் என்பது அவருக்குத் தெரியாது.

இருவரும் சேர்ந்து பருவத் தொடக்கத்திலேயே விடுப்பு நாள்களைக் குறித்துவிடுங்கள். உடம்பு விழுந்த பிறகு எடுப்பதைவிட முன்கூட்டியே எடுப்பது மலிவு. ஒரு வாரத்துக்கு மேல் விடுப்பு தேவைப்பட்டால், பக்கத்துப் பள்ளியிலிருந்து மாற்றுப் பணியில் ஒருவரை அனுப்பும்படி வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டதற்குச் சாட்சி கிடையாது. ஆள் கிடைக்காமல் போகலாம். ஆனாலும் அந்தக் கடிதம் உங்கள் கோப்பில் இருக்க வேண்டும்.

இன்னொன்று. தைப்பொங்கலுக்கும் பிள்ளையார் நோன்புக்கும் குலதெய்வப் படைப்புக்கும் வெளியூர்ச் செட்டியார் வீட்டார் வருவார்கள். படித்த பள்ளியாயிற்றே என்று எட்டிப் பார்ப்பார்கள். “டீச்சர், பள்ளிக்கூடத்துக்கு என்ன வேண்டும்?” என்று கேட்பார்கள். கல்விக்குக் கொடுப்பது இந்த மண்ணின் பழக்கம். அழகப்பச் செட்டியார் தொடங்கிய கல்லூரிகளை இங்கே யாருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை. நாமும் உடனே பெயின்ட், பெஞ்சு, பெரிய டி.வி. என்று பட்டியல் கொடுத்துவிடுகிறோம். டி.வி. வந்தால் அதைப் பராமரிக்கவும் ஒரு பதிவேடு வரும்! அதற்குப் பதிலாக, கழிப்பறையைச் சுத்தம் செய்பவருக்கும், வாரத்தில் இரண்டு நாள் பதிவு வேலை செய்ய உள்ளூரில் படித்த ஒரு பெண்ணுக்கும் ஓராண்டுச் சம்பளம் கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானத்தோடு, கணக்கில் வரவு வைத்துச் செய்யுங்கள். மாணவர்களின் சொந்த விவரங்களைக் கையாளும் பொறுப்பு மட்டும் உங்களிடமே இருக்கட்டும்.

தனியார் பள்ளியில் இருக்கிறேன். வாயைத் திறந்தால் வேலை போய்விடும்.

இந்த அச்சம் நியாயமானது; அதனால் தனியாக வாயைத் திறக்க வேண்டாம். வேன் டியூட்டி, சேர்க்கை இலக்கு, சனிக்கிழமைச் சிறப்பு வகுப்பு என்று ஏதாவது ஒன்றை மட்டும் எடுத்து, நான்கைந்து பேர் சேர்ந்து, மாற்று யோசனையோடு போங்கள். ஐந்து குறைகளோடு போனால் ஐந்துமே நிற்காது.

பணி நியமனக் கடிதத்தையும் சம்பளச் சீட்டையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அசல் சான்றிதழ்களை யாரிடமும் விட்டுவைக்காதீர்கள். சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கான அரசின் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டம் அது. பிடித்தம் இருந்து, உரிய நாள்களுக்குச் சந்தா கட்டியிருந்தால், ஈ.எஸ்.ஐ. மருத்துவரின் சான்றோடு எடுக்கும் நோய் விடுப்புக்கு ஆண்டுக்கு 91 நாள் வரை, ஊதியத்தில் 70 சதவீதம் உதவித்தொகை கிடைக்கும். பத்தாண்டு வேலை பார்த்தும் இது தெரியாதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் யாருக்கும் புரியவில்லை. “நாலரைக்கு வந்துவிடுகிறாய், மே மாதம் லீவு, உனக்கென்ன சோர்வு?” என்கிறார் மாமியார்.

ஆச்சி சொல்வதில் பொய் இல்லை; நாலரைக்கு வந்தவள் ஐந்து மணிக்கு அடுத்த பள்ளியைத் தொடங்குகிறாள் என்பதை மட்டும் அவர் கணக்கில் எடுக்கவில்லை. காபி, டிபன், சொந்தப் பிள்ளைகளின் வீட்டுப்பாடம், பெரியவர்களின் மருந்து, ஊர்க் கல்யாணம், செய்முறை, வீட்டுக்கு வருபவர்களுக்குப் பலகாரம். ஆண் ஆசிரியர்களும் சோர்ந்துபோகிறார்கள். ஆனால் சோர்ந்துபோன ஆண் ஆசிரியருக்குக் காபி கையில் வந்துவிடுகிறது.

கணவரிடம் ‘எனக்கு உதவுங்கள்’ என்று பொதுவாகச் சொன்னால் அது காற்றோடு போகும். இரவுச் சமையல் செவ்வாயும் வியாழனும் உங்களுடையது, பிள்ளைகளின் கணக்குப் பாடம் உங்களுடையது என்று பெயரிட்டு ஒப்படையுங்கள். ஒப்படைத்த பிறகு தோசை கருகினாலும் அடுப்படிக்குப் போகாதீர்கள். மாமியாரை ஒரு நாள் பள்ளி விழாவுக்கு அழைத்துப்போய் ஐந்து வகுப்புச் சத்தத்தையும் கேட்க வைப்பது விளக்கம் சொல்வதைவிட வேகமாக வேலை செய்யும்.

பிள்ளைகள்மேல் எரிந்து விழுகிறேன். போன வாரம் ஒருவனை அடித்துவிட்டேன்.

உடல் தண்டனையையும் மனத்தைப் புண்படுத்துவதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடைசெய்கிறது. சோர்வு அதற்குக் காரணமாக இருக்கலாம், மன்னிப்பாக ஆகாது. அந்தப் பிள்ளையிடம் நேரில், சுருக்கமாக, ‘நான் செய்தது தவறு’ என்று சொல்லுங்கள். ‘நீ அப்படிச் செய்ததால்தான்’ என்ற ஒட்டு வேண்டாம். தலைமையாசிரியரிடமும் பெற்றோரிடமும் நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள்.

இனி வராமல் இருக்க ஓர் ஏற்பாடு வேண்டும். கோபம் ஏறுவது உங்களுக்குத்தான் முதலில் தெரியும்: குரல் உயரும், தாடை இறுகும். அப்போது வகுப்பை மௌன வாசிப்புக்குக் கொடுத்துவிட்டு வாசற்படியில் நில்லுங்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம், ‘நான் கதவருகே நின்றால் ஐந்து நிமிடம் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று முன்பே பேசிவைக்கலாம். பெரும்பாலும் மதிய உணவுக்குப் பிந்தைய இரண்டாம் பாடவேளையில்தான் இது நடக்கிறது. அந்த வேளைக்குக் கடினமான பாடத்தை வைக்காமல் கால அட்டவணையை மாற்றக் கேளுங்கள்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்? யாராவது பார்த்துவிட்டால்?

பணிச்சோர்வு பெரும்பாலும் பள்ளியோடு ஒட்டியது. விடுமுறையில் கொஞ்சமாவது தளரும். பிடித்த சாப்பாடு, பேரன் பேத்தி, கோயில் திருவிழா எதிலும் மனம் ஒட்டாமல், பெரும்பாலான நாள்கள் இரண்டு வாரத்துக்கு மேல் அப்படியே இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். தூக்கமும் பசியும் மாறுவது, எதற்கெடுத்தாலும் குற்ற உணர்வு, செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பு ஆகியவை அதன் அறிகுறிகள். அந்தக் கடைசி நினைப்பு வந்தால் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது; அன்றே யாரிடமாவது சொல்ல வேண்டும். அரசின் மனநல உதவிக்கான 14416 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

முதலில் பொது மருத்துவரிடம் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தைராய்டு குறைவும் ரத்தசோகையும் இதே போலச் சோர்வைக் காட்டும். நாற்பதைத் தாண்டிய பெண்கள் மாதவிடாய் நிற்கும் காலத்தையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மனநலப் பிரிவு சிவகங்கை, புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இருக்கிறது.

யாராவது பார்த்துவிட்டால் என்ற கேள்வியை நான் சிரித்துத் தள்ளமாட்டேன். செக்காலை ரோட்டில் நடந்தால் பத்தடிக்கு ஒரு பழைய மாணவர் வணக்கம் சொல்லும் ஊர் இது. அதனால் மதுரைக்கோ திருச்சிக்கோ போகிறவர்கள் இருக்கிறார்கள். போகலாம், ஆனால் இரண்டுமே ஏறக்குறைய 90 கிலோமீட்டர். மூன்றாவது முறை போக அலுப்புப்பட்டு மருந்தைப் பாதியில் விடுவதுதான் நடக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்கள் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையை உங்களுக்குத் தருகிறது. மனச்சோர்வுக்கான மாத்திரைகள் பலன் காட்டச் சில வாரங்கள் பிடிக்கும். நன்றாகிவிட்டது என்று நாமாகவே நிறுத்தக் கூடாது.

தூக்க மாத்திரை போடலாமா?

மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். பழக்கமாகிவிடும். மாலை நான்கு மணிக் காபியின் காஃபீனில் ஏறக்குறைய பாதி இரவு ஒன்பது மணிக்கும் உடம்பில் இருக்கும் என்பதால், முதலில் அதை நிறுத்திப் பாருங்கள். விடைத்தாளைப் படுக்கைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

யோகா, தியானம், நடைப்பயிற்சி உதவுமா?

உதவும். வாரத்தில் பெரும்பாலான நாள்கள் அரை மணி நேரம் வேகமாக நடப்பது தூக்கத்துக்கும் மனத்துக்கும் நல்லது. ஊரணிக் கரையோ குன்றக்குடி மலைப்படியோ, உங்களுக்கு எது பக்கமோ அது. ஆனால் ஐம்பது மணி நேர வேலையை அப்படியே வைத்துக்கொண்டு அதன் மேல் ஒரு மணி நேர யோகாவையும் ஏற்றினால் அது ஐம்பத்தோராவது மணி நேர வேலை. மன அழுத்தத்தைக் குறைப்பது எப்படி என்று விடுமுறை நாளான சனிக்கிழமையில் பயிற்சி வைத்து, வராதவர்களிடம் விளக்கம் கேட்பவர்களைப் பற்றி நான் அதிகம் சொல்ல விரும்பவில்லை.

பள்ளியோடு தொடர்பில்லாத மனிதர்களோடு வாரத்தில் ஒரு பொழுதாவது இருப்பது, தியானத்துக்குச் சமமாக உதவுவதைக் கண்டிருக்கிறேன். கோலாட்டக் குழுவோ, கோயில் திருமுறைக் கூட்டமோ, பங்குனியில் காரைக்குடிக் கம்பன் விழாவோ, நீங்கள் ‘டீச்சராக’ இல்லாத ஓர் இடம் வேண்டும்.

இந்த வயதில் தகுதித் தேர்வு எழுதச் சொல்கிறார்களே. தூக்கமே போய்விட்டது.

2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பைச் சொல்கிறீர்கள். எட்டாம் வகுப்பு வரை கற்பிக்கும், ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் உள்ளவர்கள் இரண்டாண்டுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்றது அது. ஐந்தாண்டுக்குள் ஓய்வு பெறுபவர்கள் தொடரலாம். பதவி உயர்வுக்குத் தேர்ச்சி வேண்டும். சிறுபான்மைப் பள்ளிகள் பற்றிய கேள்வி பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டது. இருபது ஆண்டு பாடம் நடத்தியவருக்கு இது அவமானமாகப் படுவதைக் குறைசொல்ல முடியாது. தினமும் வரும் வதந்திகளைப் படிப்பதை விட்டு, சங்கத்தின் அறிவிப்பை வாரம் ஒரு முறை பாருங்கள். நான்கு பேர் சேர்ந்து படியுங்கள். தனியாகப் படித்தால் பயம்தான் மனப்பாடம் ஆகும்.

நான் தலைமையாசிரியர். என் ஆசிரியர்களுக்கு என்ன செய்யலாம்?

மாஸ்லாக்கும் மைக்கேல் லைட்டரும் பணிச்சோர்வு விளையும் இடங்களாக ஆறைச் சொன்னார்கள்: வேலைப் பளு, தன் வேலையில் தனக்குள்ள பிடிமானம், கிடைக்கும் மதிப்பு, சக பணியாளர் உறவு, நியாயம், வேலையும் மனச்சாட்சியும் ஒத்துப்போவது. பளுவைக் குறைக்கும் அதிகாரம் உங்களிடம் குறைவு. நியாயம் முழுக்க உங்கள் கையில். ஆசிரியர் வராத வகுப்பைப் பார்க்கப் போகும் பொறுப்பு யாருக்கு எத்தனை முறை விழுந்தது என்று ஆசிரியர் அறையில் எல்லாரும் பார்க்கும்படி ஒரு தாள் ஒட்டுங்கள். பிள்ளைகள் முன்னால் ஆசிரியரைக் கண்டிக்காதீர்கள். தேர்ச்சி சதவீதம் குறைந்ததற்கு மேலே திட்டு வாங்கினால் அதை அப்படியே கீழே இறக்காதீர்கள்; அந்த நாற்காலியில் இருப்பவருக்கு அதற்கும் சேர்த்துத்தான் சம்பளம்.

வேலையை விட்டுவிடலாமா?

மிக மோசமான மாதத்தில் முடிவெடுக்காதீர்கள். ஒரு முறையாவது முழுமையாகப் பொறுப்பை ஒப்படைத்து விடுப்பில் இருந்து, திரும்பி வந்து, வேலையில் இரண்டு மூன்று விஷயங்களைக் குறைத்துப் பார்த்த பிறகு யோசியுங்கள். பிள்ளைகளோடு இருக்கும் நேரம் இன்னும் பிடித்திருந்து, மற்றதெல்லாம்தான் வெறுக்கிறது என்றால் பள்ளியை மாற்றிப் பார்க்கலாம். பொதுமாறுதல் கலந்தாய்வு அதற்குத்தான். வகுப்பறையே வேண்டாம் என்றால் விட்டுவிடுவதில் வெட்கமில்லை. ஓய்வூதியம், கடன், பிள்ளைகள் படிப்பு மூன்றையும் தாளில் எழுதிப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

என் சக ஆசிரியை இப்படி இருக்கிறார். நான் என்ன சொல்வது?

‘தைரியமாக இருங்கள்’ என்று சொல்லாதீர்கள். அவர் இத்தனை நாள் தைரியமாக இருந்துதான் இந்த நிலைக்கு வந்திருக்கிறார். ‘நீங்கள் முன்போல இல்லை, என்ன ஆயிற்று அக்கா?’ என்று தனியாக இருக்கும்போது கேளுங்கள். பதில் வராவிட்டால் விட்டுவிட்டு இன்னொரு நாள் கேளுங்கள். உயிர்மேல் வெறுப்பு வந்தது போலப் பேசினால், ‘செத்துப்போகலாம் என்று நினைக்கிறீர்களா?’ என்று நேராகவே கேட்கலாம்; கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல் வீட்டாரிடம் சொல்லி, அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

அந்த அளவுக்கு இல்லையென்றால், அவருடைய ஒரு பாடவேளையையோ ஒரு பதிவேட்டையோ கேட்காமலே வாங்கிக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் போகச் சம்மதித்தால் கூடவே போங்கள். அரசு மருத்துவமனையில் வெளிநோயாளர் சீட்டு காலையில்தான் கொடுப்பார்கள். முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருக்கும். அன்றைக்கு உங்கள் இருவர் வகுப்பையும் யார் பார்ப்பது என்பதை முதல் நாள் மாலையே பேசி, பாடத்தையும் வருகைப் பதிவேட்டையும் அவரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.